கானைக் கீழே இறக்கி வைங்க

மீமுரே போறதுக்கு முதல் நாள் ராத்திரி எங்க பெட்ச் வட்ஸ்அப் குரூப்பில் நடந்த பெரிய விவாதம் சோற்றுப் பார்சலைப் பற்றி இல்லை, பெற்றோலைப் பற்றி. "மச்சான், அங்க ஷெட் ஒன்னும் இல்லை. காட்டுக்குள்ள நின்னுட்டா என்ன செய்யிறது? எக்ஸ்ட்ராவா ஒரு கான் எடுப்போம்." யாரும் மறுக்கல. யூடியூபில் பார்க்கிற ஓஃப்ரோட் வீடியோ எல்லாத்திலும் ஜீப்புக்குப் பின்னால ஒரு கான் தொங்குது. கான் இல்லாட்டி அது ட்ரிப்பே இல்லைங்கிற மாதிரி.

எங்ககிட்ட ஜீப்பும் இல்லை, அந்த மாதிரி இரும்புக் கானும் இல்லை. வாடகைக்குப் பிடிச்ச ஒரு சின்ன பெற்றோல் வேனும், தேங்காய் எண்ணெய் வந்த 5 லீற்றர் பிளாஸ்டிக் கானும்தான் இருந்துச்சு. ட்ரைவர் அண்ணாவுக்குச் சொல்லாமலே கானைக் கடைசி சீற்றுக்கு அடியில், பைகளுக்கு நடுவில் வச்சோம். ஹுன்னஸ்கிரிய தாண்டி வளைவுகள் ஏறத் தொடங்கினதும் மணம் வந்துச்சு. முதல்ல ஒரு பிள்ளைக்குத் தலைசுற்று, பிறகு இன்னொருத்தனுக்கு வாந்தி. அப்பதான் பார்த்தோம், கான் உருண்டையா ஊதியிருக்கு, மூடிக்குள்ளால பெற்றோல் கசிஞ்சு கார்பெற் நனைஞ்சிருக்கு.

ட்ரைவர் அண்ணா வேனை ஓரம் கட்டி எல்லாக் கதவையும் திறந்து எங்களை இறங்கச் சொன்னார். கானைத் தூக்கிப் பார்த்துட்டு சிங்களத்தில் கேட்டார்: "மல்லி, நீங்க ட்ரிப் போறீங்களா, பெற்றோல் விக்கப் போறீங்களா?" நாங்க சிரிச்சோம். அவர் சிரிக்கல. காலையில் திகனயில் டாங்கி நிறைய அடிச்சிட்டுத்தான் வந்தாராம்.

அந்த நாளுக்குப் பிறகு எனக்கு ஒரு அபிப்பிராயம் உறுதியாயிட்டுது. கண்டியைச் சுற்றி ட்ரிப் போற எங்களுக்கு மேலதிக எரிபொருள் தேவையில்லை. அது தேவைப்படுற ஆட்கள் வேற.

முதல்ல கணக்கு

கண்டியிலிருந்து மீமுரேக்கு ஏறக்குறைய 65 கிலோமீற்றர். போய் வர 130. அங்க இங்க சுத்துறதுக்கு இன்னும் 20 சேர்த்தா 150. இதில் மோசமான பாதை 60 கிலோமீற்றர்னு வச்சுக்கொள்வோம். லோ கியரில் ஏறும்போது லீற்றருக்கு 4 கிலோமீற்றர்தான் ஓடுதுன்னு எடுத்தாலும் அதுக்கு 15 லீற்றர். மிச்சம் 90 கிலோமீற்றருக்கு லீற்றருக்கு 9 ஓடினா 10 லீற்றர். மொத்தம் 25. வேணும்னே மோசமாகப் போட்ட கணக்கு இது. சின்ன ஜீப்பான சுசுக்கி ஜிம்னியின் டாங்கியே 40 லீற்றர். பெரிய ஜீப், டபுள் கெப் என்றால் பொதுவா 60 முதல் 80 வரை பிடிக்கும்.

யூடியூபில் கானோட போற ஆட்கள் எங்க போறாங்கன்னு யாரும் கவனிக்கிறதில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் கெனிங் ஸ்டொக் ரூட் ஏறக்குறைய 1,850 கிலோமீற்றர் பாலைவனப் பாதை. அங்க பெற்றோலைச் சுமக்காட்டி உயிர் போகும். எங்க தீவின் நீளமே பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் சுமார் 435 கிலோமீற்றர்தான். அவுஸ்திரேலியாக்காரனின் தேவையை நாங்க ரிவஸ்டன் போற ஸ்டைலாக்கிட்டோம்.

"மழை பெஞ்சு மண்சரிவு வந்து பாதை மூடினா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தப்போ கண்டி மாவட்டத்துப் பாதைகள் எப்படி உடைஞ்சு கிடந்துச்சுன்னு எல்லாரும் பார்த்தோம். ஆனா பாதை மூடினா வண்டி நிக்கும். நின்ற வண்டி பெற்றோல் குடிக்காது. அப்ப தேவைப்படுறது தண்ணி, சாப்பாடு, டோர்ச், காய்ந்த உடுப்பு, மருந்து. எங்க வேனில் பெற்றோல் 5 லீற்றர் இருந்துச்சு, பனடோல் ஒரு கார்ட் கூட இல்லை.

கான் ஏன் ஊதிச்சு?

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றரில் இருக்கு. நக்கிள்ஸ் பக்கம் ஏற ஏற வெளிக் காற்றின் அழுத்தம் குறையுது. மூடின கானுக்குள்ள இருக்கிற ஆவி வெளியே தள்ளப் பார்க்கும். அதோட வெயிலும் சூடும் சேர்ந்தா பெற்றோலும் விரியும். விளிம்பு வரை நிரப்பின எண்ணெய்க் கானுக்கு அதைத் தாங்கிற பலமும் இல்லை, இறுக்கமான மூடியும் இல்லை.

டீசலைவிடப் பெற்றோல் ஆபத்தானது என்று எல்லாருக்கும் பொதுவாத் தெரியும். ஏன்னு தெரிஞ்சா பயம் வரும். தீப்பற்றக்கூடிய ஆவியை விட, டீசல் ஐம்பது பாகை செல்சியஸுக்கு மேல சூடாகணும். பெற்றோலுக்கு அந்த அளவு பூச்சியத்துக்கும் கீழே சுமார் 40 பாகை. அதாவது, எங்க ஊரின் எந்தக் குளிரிலும் அது தீப்பிடிக்கத் தயாராத்தான் இருக்கு. அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போகாமல் வேனின் தரையில் படிஞ்சு நிக்கும். காற்றில் ஒன்றரை வீதம் அளவுக்குக் கலந்தாலே ஒரு பொறி போதும். அன்னைக்கு எங்க வேனுக்குள்ள ரெண்டு பேர் பொக்கட்டில் லைட்டர் இருந்துச்சு. இதை எழுதும்போதும் வயிறு கலங்குது.

அதனால யாராவது கட்டாயம் கொண்டு போகத்தான் வேணும் என்றால், என் கருத்தில் குறைந்தபட்ச விதிகள் இவைதான். எரிபொருளுக்கென்றே செய்த கான் மட்டும். முழுசா நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடணும். நிரப்பும்போது கானை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைக்கணும். வண்டிக்குள்ள வச்சு நிரப்பினா நிலைமின் பொறி வரலாம். ஆட்கள் இருக்கிற அறைக்குள்ள வைக்கவே கூடாது. கூரையில் ஏத்துறதும் நல்லதில்லை. 20 லீற்றர் பெற்றோல் 15 கிலோ, அந்தப் பாரம் உச்சியில் இருந்தா சரிவில் வண்டி சாயும். டபுள் கெப்பின் திறந்த பின்பகுதியில் நிமிர்த்தி வச்சு இறுக்கிக் கட்டலாம். உங்ககிட்ட இருக்கிறது மூடின வேன் மட்டும்தான் என்றால் கொண்டு போகாதீங்க. அவ்வளவுதான்.

கானுக்கும் கண்டிக்கும் ஒரு பழைய தொடர்பு

ஜீப்பில் தொங்குற அந்த இரும்புக் கானுக்கு ஜெரிகான் என்று பெயர். 1930களின் கடைசியில் ஜேர்மன் இராணுவத்துக்காக வடிவமைச்சது. ஜேர்மன்காரரைப் பிரித்தானியச் சிப்பாய்கள் 'ஜெரி' என்று கேலியாகச் சொல்வாங்க, அதுதான் பெயராச்சு. பிரித்தானியரின் மெல்லிய தகரங்கள் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் ஒழுகி ஒழுகிப் பெற்றோல் வீணானதால, எதிரியின் கானையே அவங்களும் கொப்பி அடிச்சாங்க. மேலே மூணு கைப்பிடி, ரெண்டு பேர் சேர்ந்து தூக்கலாம். உள்ளே விரிவுக்கு இடம் விட்ட வடிவம்.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்துச்சு. நாங்க ப்ளேன்டீ குடிக்கப் போற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் உலகப் போர் நடத்தினாங்க. அந்தப் போரில் எரிபொருள் முன்னரங்குக்குப் போய்ச் சேருமா என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. கான் அந்தப் பிரச்சினைக்கான பதில். அலங்காரத்துக்குச் செய்த சாமான் இல்லை.

அஞ்சு லீற்றர்

என் அப்பா முச்சக்கர வண்டி ஓட்டுறவர். 2022இல் நான் ஸ்கூல் பிள்ளை. அந்த மார்ச்சில் கண்டியில் எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் செத்துப் போனார். ஏப்ரல் 19 அன்று ரம்புக்கனையில் விலையேற்றத்துக்கு எதிராகப் போராடிய மக்கள்மேல் பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதுவும் ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவிச்சாங்க. அப்பா ரெண்டு ராத்திரி வண்டிக்குள்ளயே படுத்தார். கியூ.ஆர். முறை வந்தப்போ முச்சக்கர வண்டிக்குக் கிடைச்சது வாரத்துக்கு 5 லீற்றர். எங்க வீட்டின் ஒரு வாரம் அந்த 5 லீற்றருக்குள்ளதான் இருந்துச்சு.

அந்தக் காலத்தில் கான் என்ற சொல்லுக்கே வேற அர்த்தம் வந்துட்டுது. கானோட நிற்கிறவரைப் பார்த்தா "பதுக்குறான், விக்கப் போறான்" என்று வரிசையில் சண்டை வரும். கானுக்கு அடிக்கிறதையே கட்டுப்படுத்தினாங்க. பதுக்கலும் இருந்துச்சு, பல மடங்கு விலைக்கு வித்ததும் நடந்துச்சு. வீட்டில் சேர்த்து வச்ச பெற்றோல் தீப்பிடிச்ச செய்திகளும் வந்துச்சு. அதே நேரம், உண்மையாகவே கான் தேவைப்பட்ட விவசாயியும் அந்தக் கோபத்துக்குள்ள மாட்டிக்கிட்டார்.

என் வாதத்தின் மையம் இதுதான். பாதை முடியிற இடத்தில் வாழுறவங்களுக்குக் கான் உரிமை. மீமுரே மாதிரிக் கிராமத்தில் லேண்ட்மாஸ்டர் வச்சிருக்கிறவருக்கு, ஷெட்டிலிருந்து தொலைவில் இருக்கிற தோட்டத்து லயத்துக்கு, ராத்திரி பிரசவ வலி வந்தவங்களை ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுற முச்சக்கர வண்டிக்கு அது உயிர்க்காப்பு. ஆனா அவங்ககிட்ட இருக்கிறது சோடாப் போத்தல். அந்தப் போத்தல் வீட்டு மூலையில் நிற்கும், பிள்ளைகள் பானமென்று நினைச்சு வாயில் வைக்கும். நல்ல கான் வாங்க வசதி இருக்கிற நாங்களோ அதை ஃபோட்டோவுக்காகத் தொங்க விடுறோம். டித்வா மாதிரி இன்னொரு நாள் வரும். அப்போ மேலே இருக்கிற ஊர்களில் பாதுகாப்பான கானில் கொஞ்சம் எரிபொருள் இருக்கணும் என்றால், அதைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் இப்பவே கேட்க வேண்டியது எங்க வேலை.

இன்னொன்று. நக்கிள்ஸ், யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமையாக அறிவிச்ச மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. மகாவலிக்குப் போற பல ஓடைகள் அங்கிருந்துதான் இறங்குது. பாதையோரத்தில் புனல் வச்சு ஊத்தும்போது சிந்துறது அந்தத் தண்ணிக்குள்ளதான் போகும். அதை யாரோ கீழே குடிக்கிறாங்க.

அன்னைக்கு ட்ரைவர் அண்ணா கானைத் திரும்ப வேனுக்குள் ஏத்த விடல. எஞ்சினை நிப்பாட்டிட்டு, மிச்சம் இருந்ததை ஒரு சொட்டும் சிந்தாமல் டாங்கிக்குள்ளயே ஊத்தினார். ஹுன்னஸ்கிரிய வரைக்கும் எரிஞ்ச அளவுக்கு டாங்கியில் இடம் இருந்துச்சு. முழுசும் போயிட்டுது. பொழுதுபட்டுக் கண்டி வந்து சேர்ந்தப்போ மீற்றர் முள் பாதிக்கும் கீழே இறங்கல.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கதையைச் சொன்னேன். வாந்தி எடுத்ததைக் கேட்டுச் சிரிச்சவர், கசிஞ்சது எவ்வளவு இருக்கும்னு கேட்டார். அரை லீற்றர் இருக்கும்னு சொன்னேன். சிரிப்பை நிப்பாட்டிட்டார்.

அடுத்த ட்ரிப்புக்குக் குரூப்பில் யாராவது "ஒரு கான் எடுப்போமா?" என்று கேட்டா, முதல்ல தூரத்தையும் டாங்கியையும் கணக்குப் பார்க்கச் சொல்லுங்க. கணக்கு சரியா வந்தா கானைக் கீழே இறக்கி வைங்க. அந்த இடத்தில் ஒரு தண்ணிக் கானும் மருந்துப் பெட்டியும் தாராளமாப் பிடிக்கும்.