ஆவடியில் கிடைக்காத துப்பாக்கி

அண்மையில் படித்த சிறுகதை ஒன்றில், பட்டாபிராமில் வசிக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், ஆவடியில் நடந்த இராணுவ ஏலத்தில் பழைய 303 ரைஃபிள் ஒன்றை வாங்கிவந்து கூடத்துச் சுவரில் மாட்டிவைக்கிறார். கதை முடியும்போது அது வெடிக்கிறது. எழுதியவர் பெயர் இங்கே வேண்டாம். ஒரு முதியவரின் தனிமையை நாலே வரியில் சொல்லத் தெரிந்த நல்ல எழுத்தாளர் அவர். கதையைப் பாராட்டிய நண்பர்கள் வழக்கம்போலச் செகாவைத் துணைக்கழைத்தார்கள். செகாவின் துப்பாக்கியை நாம் பல காலமாகத் தமிழில் சுமந்துகொண்டிருக்கிறோம். அது என்ன 'போர்' என்று மட்டும் எவரும் கேட்டதில்லை (குழல்விட்டத்தைச் சொல்கிறேன், யுத்தத்தை அல்ல).

அப்படியோர் ஏலம் இந்நாட்டில் நடப்பதில்லை என்பதே என் முதல் ஆட்சேபம். இராணுவம் கழித்துவிடும் ஜீப் ஏலத்துக்கு வரும், லாரி வரும், கூடாரமும் பூட்ஸும் வரும். 'மிலிட்டரி டிஸ்போசல்' என்ற சொல்லே அப்படித்தான் நம் ஊர்ப் பேச்சில் ஏறியது. ரைஃபிள் வராது. 303 குழல்விட்டம் தனியாருக்குத் தடை செய்யப்பட்டது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு 2019இல் வந்த திருத்தத்தின்படி, தடை செய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருப்பவருக்குக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. அந்தச் சுபேதார் முதுமையில் தனிமையை அனுபவிக்கவேண்டிய இடம் பட்டாபிராம் அல்ல, புழல்.

இது வெறும் தகவல் பிழை, கதைக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. தகவல் பிழை என்றால் நான் எழுதியே இருக்கமாட்டேன். ஒரு பொருளைப் பற்றி ஒன்றும் அறியாமல் அதைக் குறியீடாக்கிவிடும் நம் பழக்கத்தைத்தான் சொல்ல வருகிறேன். ஆவடியைப் பற்றி நாம் அறிந்தது எவ்வளவு? கவச வாகனக் கிடங்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து முதலெழுத்துகளைக் கோத்துச் செய்ததே 'ஆவடி' என்று இன்றும் படித்தவர்கள் சொல்கிறார்கள். பெயர் அமைந்த பிறகு அதற்குப் பொருத்தமாகப் பின்னப்பட்ட கட்டுக்கதை அது. 1955இல் காங்கிரஸ் மாநாடு நடந்ததையும், 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததையும் பொது அறிவுப் புத்தகம் தருகிறது. அதற்குமேல் நம் கதைகளில் ஆவடி என்பது மின்சார ரயில் நிற்கும் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே.

இராணுவக் குழல்விட்டத்தைக் குடிமக்களுக்கு மறுக்கும் கொள்கை வெள்ளைக்காரன் விட்டுச்சென்றது. 1857க்குப் பிறகு அவனுடைய பெரிய அச்சம், தன் கிடங்கிலிருந்து திருடப்படும் தோட்டா யாருடைய துப்பாக்கியில் பொருந்தும் என்பதே. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியனை உரிமம் கேட்டு நிற்கவைத்தது, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. 1907இல் 450 விட்டத்தையும் இந்தியாவில் தடை செய்தார்கள். வேட்டைக்கு வரும் துரைமார்களை இழக்க விரும்பாத இங்கிலாந்துத் துப்பாக்கி வியாபாரிகள், 465, 470 என்று புதிய விட்டங்களைக் கண்டுபிடித்துச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுதந்திர இந்தியா அந்த அச்சத்தை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. இஷாப்பூர் தொழிற்சாலை அதே லீ-என்ஃபீல்டு இயக்கமுறையை வைத்து, 303க்குப் பதில் 315 விட்டத்தில், குடிமக்களுக்கென ஒரு ரைஃபிளைச் செய்தது. தோற்றத்தில் சகோதரர்கள், தோட்டாவோ ஒன்றில் மற்றொன்று பொருந்தாது. சட்டம் கேட்டதும் அவ்வளவுதான்.

இப்போது இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். அதே இஷாப்பூரில் செய்த 303 ரைஃபிள்களும், 1960களில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கென அங்கே உருவான 2ஏ1 ரைஃபிள்களும் கடந்த நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சந்தைக்குப் போய், அங்கே சாதாரணக் கடைகளில் விற்றன. அவற்றை வாங்குபவர் எதையெதைப் பார்க்கவேண்டும் என்று அங்கே ஒரு சாஸ்திரமே இருக்கிறது. கழுத்துப்பட்டையில் கிரீடமும் பேரரசரின் முதலெழுத்துகளும் இருந்தால் சுதந்திரத்துக்கு முந்தியது, அசோகச் சிங்கம் இருந்தால் பிந்தியது. போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். 1962இல் இமயத்தில் சீனத் துருப்புகளுக்கு எதிராக நம் சிப்பாய் தூக்கியதும், உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடு விடைகொடுத்ததும் இந்த 303 குடும்பத்துக்குத்தான். அதன் முத்திரைகளை எழுத்தெண்ணிப் படிக்கும் ரசிகர் டெக்ஸாஸில் இருக்கிறார். அதைச் சுமந்தவருக்கு ஆவடியில் அது கைக்கெட்டாது. என் எழுத்தாள நண்பருக்கு வேண்டிய முரண் இங்கே இருந்தது. அவரோ ஏலத்துக்குப் போய்விட்டார்.

போகட்டும். அப்படியானால் மேற்குப் புறநகரில் பழைய துப்பாக்கியை யார் வாங்குகிறார்கள்? வேட்டைக்காரர் இல்லை, சேகரிப்பாளர் இல்லை. நாற்பதைக் கடந்தவுடன் படையிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பும் நாயக்கும் ஹவில்தாரும்தான். ஓய்வூதியம் வீட்டுக் கடனுக்குப் போகிறது, பிள்ளைகள் கல்லூரியில் இருக்கிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை வாசலிலோ, வங்கி வாசலிலோ, ஏடிஎம்முக்குப் பணம் ஏற்றிச்செல்லும் வண்டியிலோ நிற்க ஆள் தேவை. வெறும் தடியோடு நிற்பவருக்கு ஒரு சம்பளம், 'கன்மேன்' என்றால் அதற்கு மேல். ஆனால் துப்பாக்கியை யார் கொடுப்பது? விளம்பரத்தில் ஒரே வரி: சொந்த லைசென்ஸ், சொந்த ஆயுதம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. புதிய துப்பாக்கிக்குப் பணம் போதாமல் அவர் பழையதைத் தேடிப் போகிறார்.

திருமுல்லைவாயிலில் எனக்குத் தெரிந்த ஹவில்தார் ஒருவர் அப்படித் தேடியபோது நானும் உடன்போனேன். 'நீங்க எதுக்கு சார், வெய்யில்ல' என்றார். கதையில் வராத ஒரு காட்சியைப் பார்க்கும் ஆசை எனக்கு.

நகரத்துக்குள் உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரின் கடை. முதலில் காட்டியது 315 ரைஃபிள். அவர் குழலைப் பார்க்கவில்லை. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, எண்ணைப் படித்தார். போல்ட்டில் ஒன்று, உடலில் வேறொன்று. எண் மாறிய போல்ட் என்றால், போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையிலுள்ள இடைவெளி பிசகியிருக்கக்கூடும். மயிரிழை கூடினாலும் பித்தளைக் கூடு கிழிந்து, சுடுபவரின் முகத்தை நோக்கி ஆவி பீறிடும். பிறகுதான் குழல். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, உள்ளே சுழன்றோடும் வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, துரு தின்ற குழிகள் உண்டா என்று பார்த்தார். பழைய இராணுவத் தோட்டாக்களின் வெடிமுனையில் இருந்த ரசாயனம் சுட்டபின் உப்பாகப் படியும், அந்த உப்பு ஈரத்தை இழுக்கும் என்றும், கொதிநீர் ஊற்றிக் கழுவாமல் எண்ணெய் மட்டும் போட்டு வைத்தால் ஒரு மழைக்காலம் போதும் என்றும் சொன்னார். குழல்முனையில் புல்த்ரூ கயிறு ஒரே பக்கமாக உரசி வாயைக் கோணலாக்கியிருக்கிறதா என்றும் தடவிப் பார்த்தார். பல்லாண்டுகள் காலையில் ஆயுதம் துடைத்த விரல்கள் அவை.

அடுத்தது 12 போர் இரட்டைக்குழல். வாசல் காவலுக்குப் பெரும்பாலும் இதுதான் போகிறது. மடித்து மூடி, முன்கட்டையைக் கழற்றிவிட்டு, அடிக்கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கீல் ஆடினால் வேண்டாம். குழல்களைத் தனியே தொங்கவிட்டு விரல்நகத்தால் சுண்டினார். கோவில் மணியின் சின்ன மகள் போல ஒரு நாதம் வந்தது. இரண்டு குழலையும் இணைக்கும் பற்றாசு விட்டிருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். அறையின் நீளத்தையும் கேட்டார். பழைய துப்பாக்கிகள் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செய்தவை. இன்று கடையில் கிடைக்கும் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா அதில் நுழைந்துவிடும். நுழைவதுதான் ஆபத்து, வெடிக்கும்போது வாய் விரிய இடமிருக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் அதை வாங்கவில்லை. எண்ணின் ஓர் இலக்கம் தேய்ந்திருந்தது. ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று நீதிமன்றம் ஊகிக்க இடம் தருகிறது. மறுப்பதும் நிரூபிப்பதும் அவர் பாடு. தனியார் ஒருவரிடம் நேரே வாங்கலாமே என்றேன். விற்பவர் எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் கழியவேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. வேலை 45 நாள் காத்திருக்குமா?

காத்திருந்தே வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உரிமத்தில் எழுதியிருக்கும் காரணம் தற்காப்பு. அவர் நிற்பதோ பிறருடைய பணத்தின் வாசலில். கூலிக்குக் காவல் நிற்கத் தனிநபர் உரிமம் செல்லுமா என்ற கேள்வி என்றைக்காவது வரும், வரும்போது முதலாளி அங்கே இருக்கமாட்டார். 2021 செப்டம்பரில் கேரளத்தில், ஏடிஎம் பணப் பாதுகாப்பு வேலைக்கு வந்திருந்த காஷ்மீர் இளைஞர்களைத் துப்பாக்கிகளோடு காவல்துறை பிடித்தது. உரிமம் செல்லாது என்பது குற்றச்சாட்டு. சிறைக்குப் போனவர்கள் அந்தக் கூலிக்காரர்கள். தேர்தல் அறிவித்தால் ஆயுதத்தைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். விலக்குக் கேட்டு அலைவதும் அவர்தான், விலக்குக் கிடைக்காத நாட்களின் சம்பளமும் அவருடையதுதான்.

இத்தனைக்கும் நிறுவனம் தன் பெயரிலேயே உரிமம் பெற்று, துப்பாக்கியைத் தானே வாங்கி, அதை ஏந்துபவரின் பெயரை உரிமத்தில் 'ரீடெய்னர்' என்று சேர்த்துக்கொள்ள 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் பழைய குழலின் துருவும், தேய்ந்த எண்ணும், பிசகிய போல்ட்டும் நிறுவனத்தின் கவலைகளாகிவிடும். அந்தச் செலவைத் தவிர்ப்பதற்காகவே 'முன்னுரிமை' என்ற கண்ணியமான சொல். கொத்தனாரைக் கரணையோடு வரச்சொல்வதுபோல் சிப்பாயைத் துப்பாக்கியோடு வரச்சொல்கிறார்கள். கரணை வைத்திருப்பதற்கு எவருக்கும் சிறை இல்லை. சொந்த ஆயுதம் கேட்கும் விளம்பரங்களைத் தொழிலாளர் துறையும், 2022 முதல் தனி ஆணையரகமாக இயங்கும் ஆவடிக் காவல்துறையும் நிறுத்தவேண்டும் என்பது என் கோரிக்கை. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கென்று 2005இலேயே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். உரிமம் பெறாமல் அந்தத் தொழிலை நடத்தக்கூடாது என்கிறது அது. உரிமம் புதுப்பிக்க வரும்போது, உங்கள் காவலர் ஏந்தும் துப்பாக்கி யாருடையது என்று கேட்டாலே போதும்.

கதாசிரியரைச் சந்தித்தபோது 303ஐ 315 என்று திருத்தும்படி சொன்னேன். ஓர் எண் மாறினால் என்ன ஆகிவிடும் என்று சிரித்தார். எண்ணை மாற்றினால் ஏலம் போய்விடும், உரிமம் வரவேண்டும், உரிமத்துக்குக் காரணம் வரவேண்டும், காரணத்தோடு ஒரு வங்கி வாசலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் வந்துவிடும். துப்பாக்கி சுவரில் தொங்க நேரமே இருக்காது. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஹவில்தார் இப்போது அயப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், தடியோடு நிற்கிறார்.