அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே சாய்வு: பெயர் கிராஃபை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க

1/ போன வாரம் ஓபி-க்கு ஓர் அம்மா வந்தாங்க. ஐம்பது வயசு தாண்டியவர். கால் கட்டைவிரலில் மூணு வாரமா ஆறாத புண். எச்பிஏ1சி 11.2. "சுகர் மாத்திரை போடுறீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "நிறுத்திட்டேன் டாக்டர். பேரை மாத்தியாச்சு, இனிமே உடம்பு ஏறுமுகம்தான்னு சொன்னாங்க"ன்னு பையிலிருந்து ஒரு பிரிண்ட்டை எடுத்து நீட்டினாங்க.

2/ அதில் ஒரு கிராஃப். பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் இருக்கிற எண்ணைப் புள்ளியாக வைத்து, அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோடு. பழைய பெயருக்குக் கோடு இறங்குது. ஓர் எழுத்து கூட்டின புதுப் பெயருக்கு ஏறுது. "கம்ப்யூட்டரே சொல்லுது டாக்டர்." எனக்குக் கோபம் வந்தது. அவங்க மேல இல்ல, அதை வித்தவங்க மேல.

3/ அதனாலதான் இந்த நீள த்ரெட். கணக்குன்னா பயம் இருக்கிறவங்களும் படிங்க. இந்தக் "கம்ப்யூட்டர் சொல்லுது" எவ்வளவு ஓட்டைன்னு நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

4/ கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். யூனிகோட் அட்டவணையில் அ 2949, ம 2990, மெய்யெழுத்தின் புள்ளி 3021, துணைக்கால் 3006. ஆக "அம்மா" என்பது 2949, 2990, 3021, 2990, 3006. இந்த ஐந்துக்கும் பொருத்தமான நேர்கோடு போட்டால் சாய்வு 11.4. ஏறுமுகம்!

5/ இப்ப "அப்பா" போடுங்க. ம-வுக்குப் பதில் ப, அதாவது 2986. சாய்வு? அதே 11.4. அக்கா? 11.4. அண்ணா? 11.4. காரணம் சின்னது. இரண்டாவது இடத்திலும் நான்காவது இடத்திலும் ஒரே எழுத்து. நடுவிலிருந்து ரெண்டும் சம தூரம். ஒன்றை ஒன்று அடிச்சுக்கும். நடுப்புள்ளி சாய்வை அசைக்காது. மிச்சம் முதலும் கடைசியும்தான். பெத்தவ யாரு, கூடப் பிறந்தவ யாருன்னு அந்தக் கோட்டுக்குத் தெரியவே தெரியாது.

6/ அதே "அம்மா"வை ஆங்கில எழுத்தில் அடிங்க: ஏ, எம், எம், ஏ. எல்லாம் சின்ன எழுத்து என்றால் 97, 109, 109, 97. சாய்வு பூஜ்யம். முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்கினால் 97 போய் 65 வரும், சாய்வு 9.6 ஆகிடும். ஷிஃப்ட் கீயை அழுத்தினால் கணையம் இன்சுலின் சுரக்குமா?

7/ இன்னும் இருக்கு. பழைய பாமினி எழுத்துருவில் அதே "அம்மா"வை அடித்தால் உள்ளே பதிவாவது 109, 107, 59, 107, 104. சாய்வு மைனஸ் 1. கோடு இறங்குது! அம்மா அதே அம்மாதான். மாறினது அட்டவணை மட்டும்.

8/ இந்த எண்களை யார் வெச்சாங்க? அட்டவணை போட்டவங்க. க 2965, ங 2969. நடுவில் மூணு இடம் காலி. ஏன்? இந்திய எழுத்துகளை எல்லாம் ஒரே வரிசை அமைப்பில் வெச்சாங்க. இந்தியில் அந்த இடத்தில் க-வின் மத்த மூணு ஒலிகளும் வரும், நமக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசியா சொல்ற ன, இங்கே ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கு. இது ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். வார்டில் பெட் நம்பர் மாதிரி. பத்தாம் நம்பர் பெட்டில் இருப்பவர் ஐந்தாம் நம்பர்காரரைவிட ரெண்டு மடங்கு நோயாளியா?

9/ "டாக்டர், நீங்களும்தானே கிராஃபில் கோடு போடுறீங்க?" போடுறோம். குழந்தையின் எடையை மாசாமாசம் குறித்துக் கோடு போடுவோம். கிலோவில் போட்டாலும் பவுண்டில் போட்டாலும் ஏறுற குழந்தை ஏறும், இறங்குற குழந்தை இறங்கும். ஏன்னா எடை ஓர் அளவு. எழுத்தின் எண் அளவு இல்லை, அடையாளம். அட்டவணையை மாத்தினதும் ஏறுமுகம் இறங்குமுகமாகிறது என்றால், அந்தக் கோடு உங்களைப் பற்றிப் பேசலை, அட்டவணையைப் பற்றிப் பேசுது.

10/ இதில் ஒரு வேடிக்கை. "அப்பா" கோட்டை ஆறாவது இடத்துக்கு நீட்டினால் 3023.8. முழு எண்ணாக்கினால் 3024. யூனிகோடில் அது என்ன தெரியுமா? ௐ! நாளைக்கே "அப்பாவுக்குள் ஓம், விஞ்ஞானிகள் வியப்பு"ன்னு ஃபார்வர்டு வரும். சரி, "அம்மா" கோட்டை நீட்டுங்க. 3025.4. 3025-ல் எழுத்தே கிடையாது, காலி இடம். இதுக்கு என்ன விளக்கம் சொல்வாங்க? பிடிச்சதை எடுத்து, பிடிக்காததை மறைக்கிறதுதான் இந்த வியாபாரமே.

11/ எங்க வீட்டு அழுக்கையும் சொல்லிடறேன். பிஜி படிக்கும்போது ஆய்வுத் தரவில் ரத்த வகைக்கு ஏ-வுக்கு 1, பி-க்கு 2, ஏபி-க்கு 3, ஓ-வுக்கு 4-ன்னு போட்டேன். மென்பொருள் கூசாமல் "சராசரி ரத்த வகை 2.4"ன்னு கொடுத்தது. நானும் அட்டவணையில் சேர்த்துட்டேன். என் பேராசிரியர் சிவப்பு மையில் அடிச்சு, "இந்த ரத்தத்தை யாருக்கு ஏத்தப் போற?"ன்னு கேட்டார். இன்னும் மறக்கலை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் கோடு போடும். "இது அபத்தம்"னு அது சொல்லாது. மனுஷன்தான் சொல்லணும்.

12/ இனி யாராவது கிராஃபை நீட்டினால் மூணே கேள்வி கேளுங்க. ஒன்று, இந்த எண் எதை அளந்தது? இரண்டு, எண் கொடுத்த முறையை மாத்தினாலும் இதே முடிவு வருமா? மூன்று, இதை நம்பி நான் எதை நிறுத்தணும்னு சொல்றீங்க? மூணாவது கேள்விக்குப் பதில் "மாத்திரை" என்றால் எழுந்து வந்துடுங்க.

13/ அந்த அம்மாவுக்குப் புண்ணைச் சுத்தம் பண்ணி, இன்சுலின் ஆரம்பிச்சிருக்கோம். விரல் தப்பிச்சிடும்னு நம்புறேன். கிளம்பும்போது தயங்கிக் கேட்டாங்க: "அப்ப அந்தப் பேரு, டாக்டர்?" "நல்ல பேருதாம்மா, இருக்கட்டும். மாத்திரையும் ஊசியும் கூடவே இருக்கட்டும்"னேன்.

உங்க வீட்டிலும் பெயரை மாத்திட்டு மருந்தை நிறுத்தினவங்க இருந்தா, திட்டாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து "அம்மா", "அப்பா" கணக்கைப் போட்டுக் காட்டுங்க. அப்புறம் கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.