ட்ரெசகே வந்த நகரம், ஜேஜே புறப்பட்ட நகரம்: முன்கள வீரர் உருவாகும் இடம் எது?

புனே: சுவீடன் தேசிய அணியின் முன்கள வீரர் விக்டர் யோகெரஸ் 2025 ஜூலையில் லண்டனின் ஆர்சனல் அணிக்குச் சென்றபோது அவருக்கு வயது 27. லிஸ்பன் நகரின் ஸ்போர்ட்டிங் அணிக்காக இரண்டு பருவங்களில் 102 ஆட்டங்களில் 97 கோல்கள் அடித்துவிட்டு வந்தவர் என்பதால், உலகம் முழுவதும் அவரது பெயர் தலைப்புச் செய்தியானது. நம் நாட்டு ரசிகர்கள் கவனிக்க வேண்டியது, அந்த 97 கோல்களுக்கு முந்தைய எட்டு ஆண்டுகளை. அந்த எட்டு ஆண்டுகளுக்கும் புனே நகரின் பாலேவாடி மைதானத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் இந்தியக் கால்பந்து இன்று ஒரு கோல் அடிக்கும் ஆளைத் தேடி அலைவதன் காரணத்தை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

சுவீடனின் மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றே தாண்டும். 2011 கணக்கெடுப்பின்படி புனே மாவட்டத்தின் மக்கள்தொகை மட்டும் 94 லட்சம். ஆகவே ஆள்பலம் இல்லை என்ற காரணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

யோகெரஸ் வளர்ந்தது ஸ்டாக்ஹோமின் புரோமபொய்க்கர்னா என்ற சங்கத்தில். கோப்பைகளைவிட, தான் நடத்தும் இளையோர் அணிகளின் எண்ணிக்கைக்காகவே ஐரோப்பாவில் பெயர் பெற்ற சங்கம் அது. 2017ஆம் ஆண்டு சுவீடனின் இரண்டாம் நிலை லீக்கில் அந்த அணி முதலிடம் பெற்று மேல்நிலைக்கு உயர்ந்தபோது, 19 வயது யோகெரஸ் முன்களத்தில் ஆடினார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் பிரைட்டன் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. அங்கே அவர் ஒரு பிரீமியர் லீக் ஆட்டத்திலும் களமிறங்கவில்லை. ஜெர்மனியின் சென்ட் பாலி, வேல்ஸின் ஸ்வான்சி, பின்னர் கோவென்ட்ரி சிட்டி என மூன்று அணிகளுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். மூன்றும் அந்நாட்களில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடியவை.

அவர் உருவானது கோவென்ட்ரியில்தான். 2021இல் அந்த அணி அவரை நிரந்தரமாக வாங்கியது. 2021-22 லீக் பருவத்தில் 17 கோல்கள், அடுத்த பருவத்தில் 21 கோல்கள். 2023 மே மாதம் பிரீமியர் லீக்கிற்குத் தகுதி பெறும் இறுதி ஆட்டத்தில் கோவென்ட்ரி பெனால்டி முறையில் லூட்டனிடம் தோற்றது. தோற்ற அணியிலிருந்து போர்ச்சுகலுக்குப் போன அந்த முன்கள வீரர், 2024 நவம்பரில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகச் சாம்பியன்ஸ் லீக்கில் மூன்று கோல்கள் அடித்தார்.

ஒரு முன்கள வீரர் ஒரே வாரத்தில் பத்து வாய்ப்புகளைத் தவறவிட்டாலும் அடுத்த வாரமும் அவரையே களமிறக்கும் ஓர் அணி வேண்டும். பெரிய அணிகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கோவென்ட்ரி போன்ற நடுத்தர அணிகளுக்கு வேறு வழியில்லாததால் அந்தப் பொறுமை வாய்க்கிறது. பின்கள வீரரின் பிழையைப் பக்கத்தில் நிற்பவர் மறைத்துவிடலாம். கோல் அடிக்க வேண்டியவரின் பிழை எல்லோர் கண்ணிலும் படும். ஆகவே அந்த இடத்துக்குத்தான் முதிர்ச்சி மெதுவாக வருகிறது.

புனேவிலும் அத்தகைய நடுத்தர அணி ஒன்று இருந்தது. 2007இல் தொடங்கப்பட்ட புனே எஃப்சி, இரண்டாம் நிலையிலிருந்து உயர்ந்து 2009-10 பருவத்தில் முதன்முறையாக ஐ-லீக்கில் ஆடி மூன்றாம் இடம் பிடித்தது. 2012-13இல் சர்ச்சில் பிரதர்ஸுக்கு அடுத்து இரண்டாம் இடம். கொல்கத்தா, கோவா என்ற இரு மரபுகளுக்கு வெளியே, கூட்டம் அதிகம் சேராத ஒரு மைதானத்தில், சொந்தமாக ஓர் இளையோர் பயிற்சிக்கூடமும் நடத்திக்கொண்டு அந்த அணி இதைச் செய்தது.

2009இல் மிசோரமிலிருந்து 18 வயது இளைஞர் ஒருவரை அந்த அணி அழைத்து வந்தது. அவர்தான் ஜேஜே லால்பெக்லுவா. சென்னை ரசிகர்களுக்கு இப்பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. புனேவிலிருந்து இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் இளையோர் அணியான இந்தியன் ஆரோஸுக்குக் கடனாகச் சென்ற அவர், 2010-11 ஐ-லீக்கில் 13 கோல்கள் அடித்தார். அந்தப் பருவத்தில் அதைவிட அதிகம் அடித்த இந்தியர் எவரும் இல்லை. மீண்டும் புனே திரும்பி, பின்னர் கோவாவின் டெம்போவுக்குப் போய், 2014இல் சென்னையின் எஃப்சி அணிக்கு வந்து சேர்ந்தார். 2015இலும் 2017-18இலும் சென்னை கோப்பை வென்றபோது அவர் அணியில் இருந்தார். 2017-18 அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் கோவாவை 3-0 என்று வீழ்த்தியதில் இரண்டு கோல்கள் அவருடையவை. இந்தியாவுக்காக 23 கோல்கள். 2023 சட்டப்பேரவைத் தேர்தலில் மிசோரமின் தென் துய்புய் தொகுதியில் வென்று அவர் சட்டப்பேரவை உறுப்பினரானது தனிக் கதை.

கடனாக அனுப்புதல், இளையோர் அணியில் தொடர்ந்து ஆடவைத்தல், திரும்ப அழைத்தல் என யோகெரஸ் நடந்த பாதையின் சிறிய வடிவம் இது. புனே எஃப்சி அதைச் செய்தபோது அதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. இத்தகைய செய்திகளுக்குப் பத்திரிகைகளில் இடம் குறைவு என்பதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2014இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. எட்டு அணிகளும் உலகப் புகழ் பெற்ற ஒரு வெளிநாட்டு வீரரையேனும் கொண்டுவர முனைந்தன. மும்பைக்கு சுவீடனின் ஃப்ரெடி லியுங்பெர்க் வந்தார். ஒரு பருவம் முழுக்கத் தோல்வியே காணாத ஆர்சனல் அணியில் ஆடியவர் அவர். 2012இலேயே ஓய்வு அறிவித்திருந்தவர், இந்தியாவுக்காக அதை மாற்றிக்கொண்டார். காயத்தால் நான்கு ஆட்டங்களே ஆட முடிந்தது, கோல் இல்லை. மான்செஸ்டர் யுனைடெட்டில் வளர்ந்த இன்னொரு சுவீடன் வீரர் போயான் ஜோர்ஜிச் சென்னைக்கு வந்தார். புனே நகரின் புதிய அணியான எஃப்சி புனே சிட்டிக்குக் கிடைத்தவர் பிரான்ஸின் டேவிட் ட்ரெசகே.

ட்ரெசகேயின் வரலாறு எளிதில் சொல்லி முடிப்பதன்று. 1998 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இத்தாலிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அவர் அடித்த கோல்தான் பிரான்ஸுக்குக் கோப்பையைத் தந்தது. 2006 உலகக் கோப்பை இறுதியில் அதே இத்தாலிக்கு எதிராக அவர் உதைத்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. யுவென்டஸ் அணி தண்டனையாக இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டபோது விலகிப்போகாமல் உடன் நின்றார். அந்த அணிக்காக 171 கோல்கள் அடித்து, அதன் வரலாற்றில் அதிக கோல் அடித்த வெளிநாட்டவர் என்ற பெருமையைப் பெற்றார். பிரான்ஸுக்காக 71 ஆட்டங்களில் 34 கோல்கள்.

புனேவின் முதல் ஆட்டம் டெல்லியில் நடந்தது. எதிரணியில் நின்றவர் யுவென்டஸில் அவரோடு ஆண்டுக்கணக்கில் ஆடிய அலெசாந்த்ரோ டெல் பியரோ. தொலைக்காட்சிக்கு இதைவிட நல்ல காட்சி அமையாது. ஆட்டம் கோல் இன்றி முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் மும்பையிடம் 5-0 என்ற தோல்வி. பிறகு பாலேவாடியில் கோவாவை 2-0 என்று வென்றபோது ட்ரெசகே தமது முதல் கோலை அடித்தார். பருவ முடிவில் ஒன்பது ஆட்டங்கள், இரண்டு கோல்கள். எட்டு அணிகளில் புனேவுக்கு ஆறாம் இடம். 2015 ஜனவரியில் அவர் ஓய்வை அறிவித்தார். 37 வயதில் உடல் தந்ததை அவர் தந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

கேள்வி நகரத்தைப் பற்றியது. அடுத்த ஆண்டு ருமேனியாவின் அட்ரியன் முட்டு வந்தார். 2016இல் ஐஸ்லாந்தின் ஐடுர் குட்ஜான்சன் ஒப்பந்தமாகி, காயத்தால் ஓர் ஆட்டமும் ஆடாமலே திரும்பினார். மூன்று ஆண்டுகள், மூன்று முன்கள வீரர்கள், மூவரும் தம் வாழ்வின் கடைசிப் பக்கங்களில் இருந்தவர்கள். பயிற்சியாளர்களும் அப்படியே மாறினர். பிராங்கோ கொலோம்பா, டேவிட் பிளாட், அந்தோனியோ ஹபாஸ் என ஆண்டுக்கு ஒருவர்.

அதே காலத்தில் பழைய புனே எஃப்சி 2014-15 பருவத்தோடு களத்திலிருந்து விலகியது. அதன் இளையோர் பயிற்சிக்கூடத்தைப் புனே சிட்டி எடுத்துக்கொண்டது. அந்த வழியில் வந்தவர்களுள் கேரளத்தின் மலப்புறத்தைச் சேர்ந்த ஆஷிக் குருனியன் பின்னர் இந்திய அணிவரை உயர்ந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பாரத் எஃப்சி ஒரே ஒரு பருவம் ஐ-லீக்கில் ஆடிவிட்டு மறைந்தது. டிஎஸ்கே சிவாஜியன்ஸ் 2017ஆம் ஆண்டோடு நின்றது. 2017-18இல் மார்செலினோ, அல்ஃபாரோ ஆகியோரின் கோல்களால் முதன்முறையாக அரையிறுதி கண்ட புனே சிட்டி, பெங்களூருவில் சுனில் சேத்ரி அடித்த மூன்று கோல்களால் வெளியேறியது. 2019இல் நிதிச் சிக்கலால் அந்த அணியே கலைந்தது. பத்தாண்டுக்குள் நான்கு தொழில்முறை அணிகளைக் கண்ட நகரத்தில் ஒன்றும் எஞ்சவில்லை.

லீக்கில் புனே வகித்த இடம் ஐதராபாத்துக்குப் போனது. ஐதராபாத் எஃப்சி 2021-22இல் கோப்பையையே வென்றது. 2025இல் அந்த அணியும் இடம்பெயர்ந்து ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆனது. ஊர் மாறும், பெயர் மாறும், சீருடை மாறும், லீக்கில் உள்ள இடம் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும். சுவீடனில் இது நடக்காது. அங்கு ஒரு சங்கத்தின் பெரும்பான்மை வாக்குரிமை அதன் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. புரோமபொய்க்கர்னா மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் மாறி மாறிப் போய்வரலாம், ஆனால் அது வேறு நகரத்துக்கு விற்கப்படாது.

இதில் பணக்கணக்கும் உண்டு. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு நாட்டு அணிக்கு விற்கப்படும்போது, அந்தத் தொகையில் ஐந்து விழுக்காடு, அவரை 12 முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த சங்கங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்கிறது ஃபிஃபா விதி. யோகெரஸ் ஒவ்வொரு முறை விலைபோகும்போதும் ஸ்டாக்ஹோமின் சிறிய சங்கத்துக்கு ஒரு பங்கு சேர்கிறது. அந்தப் பங்கு அடுத்த சிறுவனின் பயிற்சிக்குச் செலவாகிறது. கலைந்துபோன சங்கத்துக்கு எந்தப் பங்கும் வராது, வந்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

இதன் விளைவைத் தேசிய அணியில் காணலாம். ஐஎஸ்எல் தொடங்கிய 2014 முதல் 2024-25 வரை பதினொரு பருவங்களிலும் அதிக கோல் அடித்தவருக்கான விருதை வென்றவர்கள் அனைவரும் வெளிநாட்டவர். முதலிரு ஆண்டுகளில் சென்னையின் எலானோவும் மெண்டோசாவும். 2024-25இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டின் மொராக்கோ வீரர் அலாதீன் அஜராயே, 23 கோல்களுடன். களத்தில் ஆறு வெளிநாட்டவர் இருக்கலாம் என்ற விதி 2017-18இல் ஐந்தாகவும், 2021-22இல் நான்காகவும் குறைக்கப்பட்டது. ஆனால் அந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் முன்களத்துக்கே போகிறது. பயிற்சியாளரைக் கேட்டால், தோற்றால் பதவி போகும் என்பார். அவர் சொல்வதும் உண்மை. இந்தியர் ஓரத்துக்கு நகர்த்தப்படுகிறார்.

2024-25 பருவத்தில் அதிக கோல் அடித்த இந்தியர் யார் என்று பார்த்தால் நிலைமையின் கடுமை விளங்கும். 14 கோல்களுடன் சுனில் சேத்ரி, வயது 40. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு சர்வதேசக் கால்பந்திலிருந்து விடைபெற்றவரை, 2025 மார்ச்சில் மீண்டும் அழைத்தார்கள். அவரும் வந்து மாலத்தீவுக்கு எதிராகக் கோல் அடித்தார். அதற்குப் பிறகும் 2025 அக்டோபரில் மட்கானில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பை இந்தியா இழந்தது. அடுத்த மாதம் டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 தோல்வி. சேத்ரிக்குப் பின் யார் என்ற கேள்வி பத்தாண்டாகக் கேட்கப்படுகிறது. ஜேஜே அதற்கு விடையாகத் தோன்றிய காலம் ஒன்று உண்டு, முழங்கால் காயம் அதை முடித்துவைத்தது. அவருக்குப் பின் வரிசையில் இருந்திருக்க வேண்டிய 19, 20 வயதினர் ஆடுவதற்கான அணிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டிருந்தன.

லீக்கே இப்போது தள்ளாடுகிறது. சம்மேளனத்துக்கும் வணிகப் பங்காளி நிறுவனத்துக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் முடிவுக்கு வரும் நிலையில், 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டது. புதிய உரிமத்துக்கான ஏலத்தில் பங்கேற்க எவரும் முன்வரவில்லை. 2025-26 பருவத்தைச் சுருக்கிய வடிவில் 2026 பிப்ரவரியில்தான் தொடங்க முடிந்தது. அந்த இடைவெளியில் சேத்ரியைப் போன்ற மூத்தவருக்குப் பெயரும் சேமிப்பும் இருந்தன. 20 வயது முன்கள வீரர் இழந்தது அவர் கோல் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய மாதங்களை.

பாலேவாடி மைதானம் நல்ல நிலையில்தான் இருக்கிறது. 1994 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுப்பப்பட்ட அவ்வளாகத்தில், 2022இல் மகளிர் ஆசியக் கோப்பையின் இரு அரையிறுதி ஆட்டங்களும் நடந்தன. சீனாவும் ஜப்பானும் அங்கு பெனால்டிவரை மோதின. புல்தரை இருக்கிறது, விளக்குகள் இருக்கின்றன, மிசோரமிலிருந்தும் மலப்புறத்திலிருந்தும் ரயிலேறி வரத் தயாராக உள்ள இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள நாட்டின் உயர்நிலை லீக்கில் ஆடும் புனே அணி ஒன்று இல்லை.