வாட்டைப் பார்த்து வாங்கினால் நட்டம்

2022 ஓகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டது. அதன் பிறகு கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. ஆனால் அந்த இரண்டு அடிகளும் நம் வர்த்தகர்கள் பலரைக் கடை விளக்குகளை எல்.ஈ.டி.க்கு மாற்ற வைத்தன. அது நல்ல முடிவுதான். ஆயினும் இப்போது அதே வர்த்தகர்களிடமிருந்து வேறொரு முறைப்பாடு வருகிறது. “பெட்டியில் 25,000 மணித்தியாலம் என்று போட்டிருக்கிறான், ஒரு வருடம்கூட நிற்கவில்லையே” என்கிறார்கள்.

நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் எரியும் கடையில் 25,000 மணித்தியாலம் என்பது ஐந்து வருடத்துக்கும் மேல். ஒரு வருடத்தில் விளக்கு போய்விட்டால் நாம் உடனே குற்றம் சாட்டுவது எல்.ஈ.டி.யைத்தான். மின்சாரப் பொருள் வியாபாரத்தில் இருப்பவன் என்ற வகையில் நான் சொல்வது, பெரும்பாலும் போவது எல்.ஈ.டி. அல்ல, அதற்கு மின்சாரம் ஊட்டும் ‘டிரைவர்’ என்ற சிறு பெட்டிதான். சீலிங்குக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் அந்தப் பெட்டியைத்தான் நாம் மிக அலட்சியமாக வாங்குகிறோம்.

பெரும்பாலான கடைகளில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் இப்படித்தான். வயரிங் பாஸ் வந்து, “முதலாளி, பனல் லைட் டிரைவர் ஒன்று தாங்க” என்கிறார். “எத்தனை வாட்?” என்று கேட்டு, இருப்பதில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறோம். 12 வாட் இல்லாவிட்டால், “18 வாட் போடுங்க, நல்ல வெளிச்சம் வரும்” என்றும் சொல்லிவிடுகிறோம். இழப்பு அந்த இடத்திலேயே தொடங்குகிறது.

பெட்டியில் பார்க்க வேண்டியது

எல்.ஈ.டி. ஓர் எல்லைக்கு மேல் மின்னோட்டத்தைத் தாங்காது. அதற்குக் கொடுக்கும் வோல்ட் சற்றுக் கூடினாலும் மின்னோட்டம் பல மடங்கு கூடிவிடும். அதனால்தான் மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைக்க டிரைவர் தேவைப்படுகிறது. ஆகவே டிரைவரின் லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது மில்லிஅம்பியர், அடுத்தது வோல்ட் எல்லை. வாட் கடைசியில்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பன்னிரண்டு சில்லுகள் வரிசையாக இணைக்கப்பட்ட ஒரு பனல். வெள்ளைச் சில்லு ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் என்றால் மொத்தம் 36 வோல்ட். அதற்குரிய மின்னோட்டம் 300 மில்லிஅம்பியர். பெருக்கினால் 11 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. லேபிளில் 300 மில்லிஅம்பியர், 24 முதல் 42 வோல்ட் என்றுள்ள டிரைவர் இதற்குச் சரியாகப் பொருந்தும். அதை விட்டுவிட்டு 450 மில்லிஅம்பியர், 20 முதல் 40 வோல்ட் என்றுள்ள ‘18 வாட்’ டிரைவரைப் போட்டால், அதே பனல் 16 வாட்டுக்கு மேல் இழுக்கும். முதல் நாள் வாடிக்கையாளர் மகிழ்வார். சில்லுகள் தாங்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு சுமையைத் தாங்கி, சூடேறி, ஒவ்வொன்றாகக் கறுத்துவிடும்.

இன்னொரு 18 வாட் டிரைவரில் 300 மில்லிஅம்பியர், 36 முதல் 63 வோல்ட் என்றிருக்கலாம். அது பனலை எரிக்காது. ஆனால் 36 வோல்ட் அதன் அடி எல்லை என்பதால் மினுங்கிக்கொண்டிருக்கக்கூடும். இரண்டுமே 18 வாட்தான், ஆனால் இரண்டும் ஒரே பொருள் அல்ல. நமக்குத் தேவையான வோல்ட், லேபிளிலுள்ள எல்லையின் நடுப்பகுதியில் விழுமாறு தெரிவு செய்வதே புத்திசாலித்தனம்.

அலங்கார ஸ்ட்ரிப் விளக்கின் கதை வேறு. அதற்கு மாறாத 12 அல்லது 24 வோல்ட் தரும் சப்ளை வேண்டும். மீட்டருக்கு 4.8 வாட் வீதம் 5 மீட்டர் ரோல் ஒன்று 24 வாட், அதாவது 12 வோல்ட்டில் 2 அம்பியர். இதற்கு 2 அம்பியர் சப்ளையைக் கொடுத்து மூச்சுத் திணற விடாமல், 3 அம்பியர் கொடுப்பதுதான் நியாயம்.

குறைத்து ஓட்டுவதில்தான் இலாபம்

எனது கருத்தின் மையம் இதுதான். டிரைவரை அதன் உச்ச அளவில் ஓட்டுவது சிக்கனமல்ல. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள், ஒவ்வொரு 10 பாகை வெப்பம் கூடும்போதும் ஏறத்தாழப் பாதியாகிறது. தகரக் கூரைக்குக் கீழே, காற்றோட்டமில்லாத சீலிங்குக்கு மேலே கிடக்கும் டிரைவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். நல்ல டிரைவர்களின் உறையில் ‘டி.சி.’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளுடன் ஒரு புள்ளியும் வெப்ப அளவும் இருக்கும். அந்த இடத்தில் உறையின் சூடு தாண்டக் கூடாத எல்லை அது.

2016இல் துபாய் மாநகர சபையும் பிலிப்ஸ் நிறுவனமும் அறிமுகப்படுத்திய ‘துபாய் விளக்கு’ இதற்கு நல்ல சாட்சி. அதன் 3 வாட் விளக்கு, பழைய 60 வாட் குண்டு பல்புக்கு ஈடானது. இரகசியம் பெரிதல்ல. சில்லுகளைக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் போகும் மின்னோட்டத்தைக் குறைத்தார்கள். சூடு குறைந்தது, வாட்டுக்கு வாட் வெளிச்சம் கூடியது.

இதை நாமும் சிறிய அளவில் செய்யலாம். சில டிரைவர்களில் மின்னோட்டத்தைத் தெரிவு செய்யும் சிறு சுவிட்சுகள் உண்டு. தாய்வானின் மீன்வெல் நிறுவனத்தின் எல்.சி.எம்-40இல் 350 முதல் 1050 மில்லிஅம்பியர் வரை ஆறு படிகள் இருக்கின்றன. விளக்கு தாங்கும் அளவுக்கு ஒரு படி கீழே வையுங்கள். 12 வோல்ட் சப்ளைகள் பலவற்றில் ‘அட்ஜ்’ என்றெழுதிய சிறு திருகு இருக்கும். மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டு அரை வோல்ட் அல்லது ஒரு வோல்ட் குறைக்கலாம். கூட்ட வேண்டாம். சுவிட்சோ திருகோ இல்லாத மலிவு டிரைவர்களில், மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் இரண்டு சிறு ரெசிஸ்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுண்டு. அவற்றில் ஒன்றைக் கழற்றினால் மின்னோட்டம் குறையும். ஆனால் அது தொழில் தெரிந்த திருத்துநரின் வேலை. இவ்வகைச் சிறு டிரைவர்கள் பலவற்றில் வெளிவரும் வயரும் 230 வோல்ட் மெயினிலிருந்து பிரிக்கப்படாதது, தொட்டால் உயிராபத்து. சுவிட்சை அணைத்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மின்னோட்டத்தை 20 சதவீதம் குறைத்தால் வெளிச்சம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. கடைக்கு வருபவர் கண்டுபிடிப்பதும் அரிது. 12 வாட் விளக்கு முப்பது உள்ள கடையில், நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், மாதம் 26 நாள் என்றால் சுமார் 112 அலகு செலவாகும். அதில் இருபதுக்கும் சற்றுக் கூடுதலான அலகுகள் மிஞ்சும். இது பெருந்தொகையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். உண்மையான இலாபம், ஏணி வைத்து ஏறும் கூலியும் திரும்பி வரும் சரக்கும் குறைவதில்தான் இருக்கிறது.

விற்பவரின் பொறுப்பு

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மொத்தமாக வாங்கி ஊர்களில் சில்லறைக்கு விற்கும் சகோதரர்களுக்கு இது முக்கியம். “ஆறு மாத உத்தரவாதம், போனால் மாற்றித் தருவோம்” என்ற வாக்குறுதியை நம்பி மலிவுச் சரக்கை ஏற்றுகிறோம். திரும்பி வந்த டிரைவரை மொத்த வியாபாரி ஏற்கத் தயங்கினால் நட்டம் நமது தலையில். அவர் ஏற்றுக்கொண்டாலும் வாடிக்கையாளரின் நம்பிக்கை திரும்பி வருவதில்லை.

நான் முன்வைப்பது மூன்று யோசனைகள். பழுதான டிரைவரையோ விளக்கையோ கையில் பார்க்காமல் மாற்று டிரைவர் விற்காதீர்கள். மேசையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வைத்திருங்கள். பில்லில் வாட்டுடன் மில்லிஅம்பியரையும் வோல்ட் எல்லையையும் எழுதுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை சரியான பொருளைக் கேட்டு வாங்க வாடிக்கையாளரால் முடியும். லேபிளில் இந்த விபரங்கள் இல்லாத சரக்கை இறக்குமதியாளர் தந்தால், என்ன விலையானாலும் வேண்டாம் என்று சொல்ல நமக்கும் துணிவு வரும்.

அளந்து விற்பது எந்த வியாபாரத்துக்கும் அடிப்படை. துணிக்கு யார், அரிசிக்குக் கிலோ என்பதுபோல, எல்.ஈ.டி. டிரைவருக்கு அளவு மில்லிஅம்பியர்தான். அந்த அளவைச் சொல்லாமல் விற்கும் கடைக்கு ஒரு முறை வருவார்கள், மறுமுறை வரமாட்டார்கள்.