உடலுக்குள் ஒரு கல்லணை

 

தஞ்சைத் தரணியில் வாழ்வோருக்கு நீர்ப் பங்கீட்டைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் திறக்குமா, திறந்தால் கடைமடைக்கு வந்து சேருமா என்பதே ஆண்டுதோறும் நம் பேச்சு. கல்லணைக்கு வந்து சேரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என மூன்றுக்கும் அளந்து விடப்படுகிறது. வெள்ளக் காலத்தில் மிஞ்சுவது கொள்ளிடத்தில் திருப்பப்படுகிறது. மதகு ஒரு சாண் கூடுதலாகத் திறந்தால் ஓரிடத்தில் பயிர் அழுகும். குறைந்தால் வேறிடத்தில் கருகும். இத்தகைய ஒரு பங்கீட்டை அல்லாஹ் நம் ஒவ்வொருவர் உடலுக்குள்ளும் அமைத்திருக்கிறான். அதற்கு வாரிய அலுவலகமும் இல்லை, வழக்கும் இல்லை. இரவும் பகலும் நாம் அறியாமலே அது நடந்துகொண்டிருக்கிறது.

எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆண்மகனின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் நீர் உண்டு. அதில் மூன்றில் இரண்டு பங்கு கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உயிரணுக்களுக்குள் இருக்கிறது. எஞ்சிய பங்கு அவற்றுக்கு வெளியே உள்ளது. அதிலும் இரத்தத்தின் நீர்ப்பகுதியாக ஓடுவது மூன்று லிட்டர் அளவே. இந்த மூன்று லிட்டர் குறைந்தால் இரத்த ஓட்டம் தளர்கிறது. மூளைக்கும் சிறுநீரகத்திற்கும் போகவேண்டியது போகாது.

இந்நீரை அதனதன் இடத்தில் நிறுத்தி வைப்பது உப்பு. மாங்காயை நறுக்கி உப்பிட்டு ஜாடியில் மூடிவைக்கும் தாய்மார்கள் மறுநாள் அதில் நீர் ஊறி நிற்பதைக் கண்டிருப்பார்கள். நாம் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. உப்பு மாங்காய்க்குள் இருந்த நீரை வெளியே இழுத்துவிட்டது. உப்பு எங்கே மிகுதியோ அங்கே நீர் செல்லும். உயிரணுவுக்கு வெளியே சோடியம் என்னும் உப்பும் உள்ளே பொட்டாசியம் என்னும் உப்பும் மிகுந்திருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. உயிரணுவின் சுவரில் உள்ள நுண்ணிய இறைப்பான்கள் மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. நாம் சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இவ்வேலையே விழுங்குகிறது. இதை 1957-இல் கண்டறிந்த டென்மார்க் அறிஞர் ஜென்ஸ் ஸ்கௌவுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து 1997-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அளவு பார்ப்பது மூளையின் அடிப்பகுதி. இரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு மாறினாலே அது உணர்ந்துவிடும். உணர்ந்தவுடன் நமக்குத் தாகத்தை உண்டாக்கும். ‘நீரை விடாதே’ என்று சிறுநீரகத்திற்கு வாசோப்ரெஸ்ஸின் என்னும் சுரப்பு வழியாகக் கட்டளையும் அனுப்பும். உப்பைப் பிடித்துவைக்கும் கட்டளை சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்துள்ள சிறு சுரப்பிகளிடமிருந்து வருகிறது. நம் கல்லணை அந்தச் சிறுநீரகமே. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை அது வடிகட்டுகிறது. ஒன்றரை லிட்டர் அளவை மட்டுமே சிறுநீராக வெளியே அனுப்பிவிட்டு, எஞ்சிய அனைத்தையும் இரத்தத்திற்கே திருப்பித் தந்துவிடுகிறது. சுப்ஹானல்லாஹ்!

இத்தனை காவலையும் உடைத்துக்கொண்டு போகும் வெள்ளம் ஒன்று உண்டு. அதுவே வயிற்றுப்போக்கு. கங்கைக் கழிமுகத்தைப் போலவே காவிரிக் கழிமுகமும் காலரா அடிக்கடி தலைகாட்டிய பூமி. ‘வாந்திபேதி’ என்ற சொல்லைக் கேட்டாலே நம் முன்னோர் நடுங்கினர். காலையில் நடமாடியவரை மாலையில் அடக்கம் செய்ய நேர்ந்த நாட்கள் அவை. அந்நோயாளி நஞ்சினால் இறக்கிறார் என்றே பலரும் எண்ணியிருந்தனர். உண்மையில் அவர் உயிரைப் பறித்தது நீரும் உப்பும் வடிந்துபோனதுதான். 1831-32-இல் பிரிட்டனில் காலரா பரவியபோது ஓஷானசி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து இதைக் கூறினார். (இந்தியாவுக்குத் தந்தியைக் கொண்டுவந்த ஓஷானசி இவரேதான்!) அதைப் படித்த தாமஸ் லாட்டா என்பவர் 1832-இல் நரம்பு வழியே உப்புநீரை ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார். இன்று நாம் ‘குளுக்கோஸ் ஏற்றுவது’ என்று சொல்லும் சிகிச்சையின் தொடக்கம் இது.

ஆனால் புட்டியும் ஊசியும் எல்லா ஊரிலும் கிடைக்குமா? 1971-இல் அந்தக் கேள்வி கொடிய உருவில் வந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து மேற்கு வங்கத்திற்கு ஓடிவந்த அகதிகளிடையே பன்காவ் முகாமில் காலரா புகுந்தது. ஏற்றுவதற்கு உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. கல்கத்தாவிலிருந்து சென்ற மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். புகட்டியவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் உடன்வந்த உறவினருமே. நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த இறப்பு அம்முகாமில் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. 1978-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இம்முறையை அந்நூற்றாண்டின் மிக முக்கிய மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. 2022-இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. வாழ்ந்த காலத்திலேயே வழங்கியிருக்கலாம்.

உப்போடு சர்க்கரை ஏன்? சிறுகுடலின் சுவரில் ஒரு வாசல் உண்டு. சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து வந்தால்தான் அது உள்ளே விடும். அவை நுழைந்தால் பின்னாலேயே நீரும் நுழையும். காலரா எத்தனை கடுமையாயினும் இந்த வாசல் அடைபடுவதில்லை. வெறும் நீர் ஓடிவிடுகிறது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் நிற்கிறது. அரிசி மாவு குடலில் செரித்துக் குளுக்கோஸாகவே மாறுவதால், உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் இதே வேலையைச் செய்கிறது. நெல் விளையும் பூமியில் மருந்து அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது!

அப்படியிருந்தும் நம் வீடுகளில் ஒரு பழைய எண்ணம் இன்னும் போகவில்லை. ‘பிள்ளைக்கு வயிற்றால் போகிறது, தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்’ என்று பெரியவர்கள் தடுப்பார்கள். தாய்ப்பாலையும் நிறுத்தச் சொல்வார்கள். தாய்மார்களே, இதில் மட்டும் பணிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் இழந்த நீரை ஈடு செய்தாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும். அது கைக்கு வரும்வரை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். அளவைக் கூட்டாதீர்கள், உப்பு மிகுந்தால் ஆபத்து, சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகரிக்கும். புட்டிக் குளிர்பானங்களைக் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், பிள்ளை துவண்டுவிட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இனி நோன்புக்கு வருவோம். 2018, 2019-ஆம் ஆண்டுகளில் ரமலான் மே மாதத்து வெயிலில் வந்தது. ஸஹர் முடிவிலிருந்து மஃரிப் வரை சுமார் பதினான்கு மணி நேரம். ஸஹரில் செம்பு செம்பாகக் குடித்து நீரைச் சேமித்துவிடலாம் என்று சிலர் நினைக்கின்றனர். மிகுந்த நீரைச் சிறுநீரகம் ஓரிரு மணி நேரத்தில் கொள்ளிடத்தில் திருப்பிவிடும். ஒட்டகத்தின் திமிலில்கூட இருப்பது நீரல்ல, கொழுப்பே. ஆகவே இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை சிறிது சிறிதாகப் பருகுவதே பயன் தரும். ஸஹரில் கருவாடும் ஊறுகாயும் வேண்டாம். பகலெல்லாம் தாகம் வாட்டும். ஆரோக்கியமான உடல் பகலில் சிறுநீரைச் சுண்டச் செய்து தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்தியில் பள்ளிவாசலிலிருந்து தூக்குச்சட்டியில் வரும் நோன்புக் கஞ்சியில் நீர், உப்பு, அரிசியின் மாவுச்சத்து மூன்றும் உள்ளன. பேரீச்சம்பழம் பொட்டாசியத்தைத் தருகிறது. வறுத்ததையும் பொரித்ததையும் முதலில் உண்டு கஞ்சியைத் தள்ளிவைப்பது இக்காலத்து நாகரிகம். எனக்கு அது பிடிப்பதில்லை.

வயதானவர்கள் விஷயம் வேறு. முதுமையில் தாக உணர்வு மங்கிவிடுகிறது. ‘எனக்குத் தாகமில்லை’ என்று நன்னியார் சொல்வதை நம்ப வேண்டாம். இரத்த அழுத்தத்திற்காக ‘நீர் மாத்திரை’ உண்பவர்களுக்குச் சிறுநீரோடு சோடியமும் போகிறது. அவர்கள் வெறும் நீரையே குடித்துக்கொண்டிருந்தால் சோடியம் மேலும் தாழும். தடுமாற்றம், பிதற்றல், அளவு மீறிய தூக்கம் தோன்றும். ‘வயதாகிவிட்டது, மறதி’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் செய்தி இது. திடீரென்று பேச்சு மாறினால் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கச் சலுகை உண்டு என்பதைத் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 184, 185-ஆம் வசனங்கள் கூறுகின்றன. நோன்பு நேரத்தில் கடும் வயிற்றுப்போக்கு கண்டு தலை சுற்றி விழுபவர் ‘மஃரிப் வரை பொறுத்துக்கொள்கிறேன்’ என்று பிடிவாதம் பிடித்தால், வீட்டிலுள்ளோர் ஓர் ஆலிமைக் கொண்டு எடுத்துச் சொல்லுங்கள். கரைசலை அதற்குள் தயாராக வைத்திருங்கள். நீர் மாத்திரையும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்வது நல்லது. சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் இளநீரையும் பேரீச்சம்பழத்தையும் அவரைக் கேளாமல் தொடக் கூடாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியின்றித் தேங்கினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.