பத்தாம் வகுப்பில் நிற்காத சங்கீதம்



உங்கள் வீட்டு பீரோவுக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அட்டைப்பெட்டியோடு ஒரு கீபோர்டு இருக்கலாம். இல்லையென்றால் உறை போட்ட வயலின், கம்பி அறுந்த கிட்டார். பையனோ பெண்ணோ ஆறாம் வகுப்பில் ஆசை ஆசையாக கிளாஸில் சேர்ந்து, ஒன்றிரண்டு கிரேடு பாஸ் பண்ணி, பத்தாம் வகுப்பு வந்ததும் "போர்டு எக்ஸாம் முடியட்டும்" என்று மேலே ஏற்றி வைத்தது. எக்ஸாம் முடிந்தது. பிளஸ் ஒன் வந்தது, நீட் கோச்சிங் வந்தது, காலேஜ் வந்தது. பெட்டி மட்டும் கீழே இறங்கவே இல்லை.

யாரையும் குறை சொல்லவில்லை. படிப்பை ஓரம் வைத்துவிட்டு வாசி என்று எந்த அம்மாவால் சொல்ல முடியும்? ஆனால், வாத்தியத்தைப் பரண் ஏற்றாத ஊர்களும் உலகத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் போனால், பத்து வயதில் பித்தளைக் குழலை உதட்டில் வைத்தவர் எழுபது வயதிலும் அதே ஊர் பேண்டில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து நாற்காலியில் பேரன் வயதுப் பையன். இந்த மாதம் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?

பிராஸ் பேண்டு என்றதும் நம் கல்யாண ரிசப்ஷன் பேண்டு செட் ஞாபகம் வரும். இது வேறு. கிளாரினெட் கிடையாது, சாக்ஸஃபோன் கிடையாது. டிரம்பெட்கூடக் கிடையாது! அதைவிடக் குட்டையான, குரல் கொஞ்சம் இதமான கார்னெட்தான் முன்வரிசை. பின்னால் ஃப்ளூகல்ஹார்ன், டெனர் ஹார்ன், பேரிடோன், யூஃபோனியம், டிராம்போன். கடைசியில் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்து வாசிக்கும் நான்கு பெரிய டியூபாக்கள். ஊதுபவர்கள் சுமார் 25 பேர், அவர்களோடு டிரம், சிம்பல் தட்டுபவர்கள் இரண்டு மூன்று பேர்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. டிராம்போனைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வால்வுதான், அடிப்படையில் மூன்று. நோட்டும் அநேகமாக எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் எழுதப்பட்டிருக்கும். காகிதத்தில் 'ஸ' என்று இருந்தால், சின்ன கார்னெட்டிலும் பெரிய டியூபாவிலும் விரல் ஒரே மாதிரிதான் போகும். குரல் மட்டும் அதனதன் உயரத்தில் கேட்கும். டியூபா வாசிக்கிறவர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கார்னெட் வாசிக்கும் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இதை எடுத்துக்கோ" என்று கொடுத்துவிடலாம். பெரிய மவுத்பீஸுக்கு உதட்டையும் மூச்சையும் பழக்க வேண்டும், அவ்வளவுதான். மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சாதாரண ஜனங்கள் வாசிக்கிற பேண்டு உடைந்துபோகாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

இன்னொன்று, வாத்தியம் பேண்டுக்குச் சொந்தம். ஒரு டியூபா பல ஆயிரம் பவுண்ட் ஆகும். எந்த நடுத்தரக் குடும்பம் வாங்கும்? அதனால் பேண்டே வாங்கிக் கொடுக்கிறது. வாசிக்கும் வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், விலகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உறுப்பினர்கள் சின்னதாக சந்தா கட்டுகிறார்கள். மீதிக்கு கச்சேரி டிக்கெட், ராஃபிள் சீட்டு, ஊர்க்காரர்களின் நன்கொடை. பிரிக்ஹவுஸ் அண்ட் ராஸ்ட்ரிக் என்ற பேண்டு, பொதுமக்கள் தந்த பணத்தில் வளர்ந்தோம் என்பதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. 1977-இல் அவர்கள் வெளியிட்ட 'ஃப்ளோரல் டான்ஸ்' இசைத்தட்டு பிரிட்டிஷ் பாப் வரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. முதலிடத்தை மறித்துக்கொண்டு நின்றவர் வேறு யாருமில்லை, பால் மெக்கார்ட்னி!

இது எப்படித் தொடங்கியது? 19-ஆம் நூற்றாண்டில் மில்லும் சுரங்கமும் இருந்த இடத்திலெல்லாம் பேண்டு முளைத்தது. வால்வு வைத்த வாத்தியங்கள் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, கட்டுப்படியாகிற விலைக்கு வந்த காலம் அது. முதலாளிகளுக்கும் கணக்கு இருந்தது. வேலை முடிந்து தொழிலாளி மதுக்கடைக்குப் போவதைவிட, சங்கத்துக்குப் போவதைவிட, ரிகர்சலுக்குப் போனால் நல்லதுதானே? குவீன்ஸ்பரி ஊரின் பிளாக் டைக் மில் முதலாளி ஜான் ஃபாஸ்டர் 1855-இல் தன் மில்லுக்கென்று ஒரு பேண்டை எடுத்து நடத்த ஆரம்பித்தார். அந்த பிளாக் டைக் பேண்டுதான் இன்றும் உலகின் முன்னணி பேண்டுகளில் ஒன்று. மதுவிலக்கு இயக்கக்காரர்களும் தங்கள் பங்குக்கு பேண்டு தொடங்கினார்கள். 1853-இல் மான்செஸ்டர் பெல் வியூ பூங்காவில் நடந்த பெரிய போட்டியில் ஜெயித்ததே மோஸ்லி என்ற ஊரின் மதுவிலக்கு பேண்டுதான். ஊதி முடித்தால் தாகம் எடுக்கும் என்பதை மதுவிலக்குக்காரர்கள் யோசித்தார்களோ என்னவோ, பிற்காலத்தில் பல பேண்டுகளுக்கு ரிகர்சல் முடிந்ததும் அடுத்த நிறுத்தம் பக்கத்து பப்தான்.

போட்டி என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. டிவியில் எட்டு வயதுக் குழந்தையை மேடையில் நிறுத்தி, எலிமினேஷன் என்று அழவைத்து, அம்மாவின் கண்ணீரை குளோஸப்பில் காட்டுகிறார்களே, அதைப் பார்த்துப் பார்த்து வந்த அலர்ஜி. இந்த பேண்டு போட்டிகளும் சாதாரணமானவை அல்ல. மாதக்கணக்கில் ஒரே பாட்டை அரைத்து எடுப்பார்கள். ஆனால் நடத்தும் முறையைப் பாருங்கள்.

பேண்டுகள் ஐந்து பிரிவுகள். மேலே சாம்பியன்ஷிப், அதற்குக் கீழே முதல் பிரிவிலிருந்து நான்காம் பிரிவு வரை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே பாட்டு. அந்தப் பிரிவில் இருக்கும் எல்லா பேண்டும் அதைத்தான் வாசிக்க வேண்டும். வசந்த காலத்தில் எட்டு வட்டாரங்களில் தேர்வுப் போட்டி. அன்று காலை சீட்டுக் குலுக்கி வரிசை முடிவாகும். முதலில் போகிற சீட்டு வந்தால் முகம் தொங்கிவிடும். அது எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. நடுவர்கள் எங்கே? திரை போட்ட ஒரு கூண்டுக்குள். மேடையில் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. பெயர் பெற்ற பேண்டா, பெயரே கேள்விப்படாத கிராமமா, வாசிப்பது ஆணா, பெண்ணா, சின்னப் பையனா, எதுவும் தெரியாது. காதில் விழுவதற்கு மட்டும்தான் மார்க். எங்கே சுருதி இறங்கியது, எங்கே தாளம் ஓடியது என்று ஒவ்வொரு பேண்டுக்கும் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எலிமினேஷன் கிடையாது. மூன்று வருட முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து மேல் பிரிவுக்கு ஏற்றுவார்கள், கீழ்ப் பிரிவுக்கு இறக்குவார்கள். இறங்கிய பேண்டும் அடுத்த வாரம் ரிகர்சலுக்கு வந்துவிடும்.

உச்சப் பிரிவின் தேசிய இறுதிப்போட்டி அக்டோபரில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில். இந்தப் போட்டிகளுக்காகவே பெரிய மேதைகள் இசை எழுதியிருக்கிறார்கள். 1928-இல் குஸ்தாவ் ஹோல்ஸ்ட், 1930-இல் எட்வர்ட் எல்கர். நம் ஊரில் பெரிய வித்வான் ஒருவர், மில் தொழிலாளிகள் வாசிப்பதற்கென்றே புதிதாக ஒரு உருப்படி செய்து கொடுத்தால் எப்படி இருக்கும்?

ஆனால் என் ஓட்டு ஆல்பர்ட் ஹாலுக்கு இல்லை. சாடில்வொர்த் மலைக் கிராமங்களில் நடக்கும் விட் வெள்ளிக்கிழமைக்குத்தான். பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்து வரும் வெள்ளி அது. மே மாதத்திலோ ஜூனிலோ வரும். காலையில் சர்ச் ஊர்வலங்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் டெல்ஃப், டாப்கிராஸ், அப்பர்மில், லீஸ் என்று சுற்றுவட்டார ஊர்கள் ஒவ்வொன்றிலும் தனித்தனிப் போட்டி. நூற்றுக்கும் மேற்பட்ட பேண்டுகள், ஆளுக்கொரு பஸ்ஸில். முதலில் வந்தவருக்கு முதல் வாய்ப்பு. பஸ் நின்றதும் இறங்கி, பெயர் கொடுத்து, வரிசையில் நின்று, தெரு நெடுக ஒரு மார்ச் வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். அப்புறம் மைதானத்தில் நின்று போட்டிக்கான மார்ச். 'நைட் டெம்ப்ளர்', 'ரேவன்ஸ்வுட்' மாதிரி நூறாண்டு பழக்கமுள்ள மெட்டுகள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு மனப்பாடம். நடுவர் பக்கத்தில் ஜன்னல் திரையை இழுத்துவிட்ட கேரவனுக்குள்ளோ, ஏதோ ஒரு வீட்டு மாடி அறையிலோ ஒளிந்திருப்பார். வாசித்து முடித்ததும் ஓட்டமாகப் போய் பஸ்ஸில் ஏறு, அடுத்த ஊருக்கு விடு! ராத்திரி பதினொரு மணி வரை இதே கதை.

தெருவோரம் ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் தேர்த் திருவிழாவில் வீட்டு வாசல்தோறும் கூட்டம் நிற்குமே, அப்படி. ஆல்பர்ட் ஹாலில் கோப்பை வாங்கும் பேண்டும், போன வருடம்தான் தொடங்கிய பள்ளிக்கூட பேண்டும், வேஷம் போட்டு வரும் காலேஜ் பிள்ளைகளும் ஒரே தெருவில் ஒருவர் பின்னால் ஒருவர். மழை பெய்தாலும் நிற்பதில்லை. 1884-இலிருந்து நடக்கிறது என்கிறார்கள். கொரோனா காலத்தில் 2020, 2021 இரண்டு வருடமும் நின்றுபோய், 2022-இல் மறுபடி தெரு நிறைந்தது.

போட்டி இல்லாத நாட்களில் என்ன செய்கிறார்கள்? கோடையில் பூங்கா மண்டபத்தில் ஞாயிறு மதியக் கச்சேரி. நவம்பரில் போர் வீரர் நினைவுத் தூணுக்கு முன்னால். டிசம்பர் முழுக்க கடைத்தெரு, சூப்பர் மார்க்கெட் வாசல் என்று கிறிஸ்துமஸ் கேரல். விரல் விறைக்கிற குளிரில் கையுறையின் விரல் நுனியை வெட்டிவிட்டுக்கொண்டு வாசிப்பார்கள். பக்கத்தில் உண்டியலோடு ஒருவர். பல பேண்டுகளுக்கு வருடச் செலவில் பெரும் பங்கு அந்த உண்டியலிலிருந்துதான். வாரம் இரண்டு நாள் ரிகர்சல், அது தவறாது.

கிரைம்தார்ப் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1992 அக்டோபரில், அந்தச் சுரங்கத்தை மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. அதற்குச் சில நாட்கள் கழித்து, அந்த ஊர் பேண்டு ஆல்பர்ட் ஹாலில் தேசியக் கோப்பையை வாங்கியது. 1996-இல் வந்த 'பிராஸ்ட் ஆஃப்' படத்துக்கு விதை அதுதான். 1993-இல் சுரங்கம் மூடப்பட்டது. சம்பளம் போனது, பல குடும்பங்கள் நொடித்துப்போயின. பேண்டு இன்றும் அதே பெயரில் இருக்கிறது, சுரங்கத்தைக் குறிக்கும் 'காலியரி' என்ற சொல்லையும் விடாமல். எல்லா ஊரும் இப்படித் தப்பிக்கவில்லை. ஆள் சேராமல், காசு இல்லாமல் கலைந்துபோன பேண்டுகள் ஏராளம்.

சரி, இது வெள்ளைக்காரர் சமாச்சாரம், நமக்கெதற்கு என்கிறீர்களா? முத்துசுவாமி தீட்சிதர் அப்படி நினைக்கவில்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவர் சாகித்யம் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அதில் ஒன்று அப்படியே இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு!

கேள்வி வாத்தியத்தைப் பற்றியதே அல்ல. நம் பிள்ளைகள் தனியாகக் கற்கிறார்கள். தனியாக கிளாஸ், தனியாக கிரேடு, ஒரு அரங்கேற்றம், முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை "நீ வரலையா? உன் வரிசை காலியாக இருக்கிறதே" என்று கேட்க ஆளில்லை. கேட்க இருபது பேர் இருந்தால் பத்தாம் வகுப்பிலும் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா? பெரியவர்களுக்கும் இதே கதைதான். ஐம்பது வயதில் ஆசை வந்தால், "இந்த வயசிலயா?" என்று வீட்டிலேயே சிரிக்கிறோம்.

நம் பள்ளிகள் பலவற்றில் பேண்டு இருக்கிறது. ஆகஸ்ட் 15, ஜனவரி 26, ஸ்போர்ட்ஸ் டே என்று வெளியே எடுப்பார்கள். மற்ற நாட்களில் டிரம்மும் பியூகிளும் பி.டி. ரூம் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். பள்ளியை விட்டுப் போன மறுநாளே அந்தப் பிள்ளைகளுக்கும் வாசிப்புக்கும் சம்பந்தம் விட்டுப்போகிறது. முன்னாள் மாணவர் சங்கங்கள் வருடம் ஒருமுறை கூடி பிரியாணி சாப்பிட்டு போட்டோ எடுத்துக்கொள்வதோடு, ஹெச்.எம்.மிடம் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மட்டும் அந்தச் சாவியைக் கேட்டால் என்ன? சொல்லிக்கொடுக்க ஆள் தேட வேண்டாம். ரிடயர் ஆன போலீஸ் பேண்டுக்காரர்கள் இருக்கிறார்கள். முகூர்த்த சீசனில் மட்டும் வேலை கிடைத்து, ஆடியிலும் மார்கழியிலும் சும்மா உட்கார்ந்திருக்கும் பேண்டு செட் கலைஞர்கள் இருக்கிறார்கள். ரிசப்ஷனில் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க வாசிப்பவரிடம் நாம் இதுவரை பாட்டுதான் கேட்டிருக்கிறோம், பாடம் கேட்டதில்லை. அவருக்கு மாதச் சம்பளமாக ஒரு தொகை கொடுத்து, மரியாதையாக 'மாஸ்டர்' என்று கூப்பிட்டு உட்காரவைக்கலாம்.

அபார்ட்மெண்டில் ஊதினால் கீழ்வீட்டு மாமா சண்டைக்கு வருவாரே என்ற கவலை நியாயம்தான். மியூட் என்று ஒன்று இருக்கிறது, குழலின் வாயில் செருகிவிட்டால் சத்தம் பாதிக்கு மேல் அடங்கும். அதற்கும் அவர் அடங்கவில்லையென்றால், அவரையே டிரம் அடிக்கக் கூப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊரில் இப்படி யாராவது முயன்றிருந்தால், பேண்டோ, பஜனைக் கோஷ்டியோ, சர்ச் கொயரோ, பறைக் குழுவோ எதுவாக இருந்தாலும், எப்படி நடத்துகிறீர்கள், வாத்தியத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, ரிகர்சலுக்கு ஆள் வராத நாட்களில் என்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். போட்டோவும் அனுப்புங்கள். தேர்ந்தெடுத்து அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். முதல் சில மாதம் அபஸ்வரமாகத்தான் இருந்தது என்றால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்