ஓக் மரம் சரி, ஈயம் சரியா?

பாரீஸ் மாநகரின் நோத்ர தாம் பேராலயத்து ஊசிக் கோபுரம் 2019 ஏப்ரல் 15 மாலையில் எரிந்து சாய்ந்ததை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. 2024 டிசம்பரில் பேராலயக் கதவுகள் மீண்டும் திறந்தபோது, அதே வடிவில், அதே 96 மீட்டர் உயரத்தில் புதிய கோபுரம் நின்றது. இவ்வளவு செலவில் அதை எழுப்பியது முறைதானா என்று எங்களுக்குள் பெரிய வாதமே நடந்தது.

"அதன் நிழலில் ஒதுங்கவும் முடியாது, அந்தப் பணத்தில் எத்தனை ஏழைகளுக்கு வீடு கட்டலாம்!" என்றனர் சிலர். நியாயமான கேள்விதான். ஆனால் 150 நாடுகளைச் சேர்ந்த சுமார் 3,40,000 பேர் இந்த ஆலயத்துக்கென்றே மனமுவந்து கொடுத்த பணம் அது. அதை வேறு வழியில் திருப்ப யாருக்கு உரிமை?

கண்ணாடியாலும் எஃகாலும் புதுமையாகக் கட்டலாம் என்று கட்டடக் கலைஞர் பலர் வரைந்து காட்டினர். 2020 ஜூலையில் பழைய வடிவமே முடிவாயிற்று. பழையது என்கிறோமே, அதுவும் வியோலே-லெ-துக் என்னும் கலைஞர் 1859-இல் முடித்ததுதான்! 13-ஆம் நூற்றாண்டின் முதற்கோபுரம் பழுதுற்று, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறக்கப்பட்டுவிட்டது. அவர் அதை அப்படியே நகலெடுக்காமல் இன்னும் உயரமாகக் கட்டினார். ஆகவே பழமை என்ற ஒரே காரணத்துக்காக நாங்கள் இம்முடிவை ஆதரிக்கவில்லை, தச்சர்களுக்காக ஆதரிக்கிறோம். கோபுரத்துக்கும் அதன் அடித்தளச் சட்டத்துக்கும் சுமார் 1,000 ஓக் மரங்களை அறுத்து, மரத்தோடு மரம் பொருத்தி இணைத்தார்கள். எஃகில் கட்டியிருந்தால் அந்தக் கைகளுக்கு வேலை ஏது? ஒரு தலைமுறை சும்மா இருந்தால் கைப்பழக்கம் போய்விடும்.

இங்கே ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். கோபுரத்தின் அடியைச் சுற்றி நின்ற அப்போஸ்தலர் சிலைகளில், நம் மயிலாப்பூர் மண் போற்றும் புனித தோமையாருக்கு வியோலே-லெ-துக் தம் முகத்தையே கொடுத்துவிட்டார். மற்றவர்கள் நகரைப் பார்க்க, இவர் மட்டும் திரும்பிக் கோபுரத்தைப் பார்க்கிறார்! பழுது பார்ப்பதற்காக, தீ விபத்துக்கு நான்கே நாட்களுக்கு முன் சிலைகள் யாவும் கீழே இறக்கப்பட்டதால் அவை தப்பின.

எங்களுக்கு உடன்பாடில்லாதது ஈயம். கூரையிலும் கோபுரத்திலும் இருந்த நூற்றுக்கணக்கான டன் ஈயம் தீயில் சிக்கியது. அதன் தூசி பரவியதால், அந்தக் கோடையில் அருகிலிருந்த சில பள்ளிகளை மூடிச் சுத்தம் செய்ய நேர்ந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. அப்படியிருந்தும் மீண்டும் ஈயத் தகட்டையே போர்த்தியிருக்கிறார்கள். மழைநீரை வடிகட்டவும், தீயை அணைக்கக் கூரைக்குள் நீர்த்திவலை தெளிக்கவும் ஏற்பாடு உண்டாம். இருக்கட்டும். அதே பிரான்சில் சார்த்ர் பேராலயக் கூரை 1836-இல் எரிந்தபோது, இரும்புச் சட்டம் அமைத்துச் செம்புத் தகடு வேய்ந்தார்கள். பச்சை பூத்த அந்தக் கூரை இன்றும் இருக்கிறது. அதனால் ஆலயத்தின் அழகு குறைந்தா போயிற்று?

நோத்ர தாமின் தோமையாரும் அவருடைய தோழர்களும்கூடச் செம்பால் ஆனவர்களே. அடியில் நிற்போருக்குப் பொருந்திய செம்பு கோபுரத்துக்கு மட்டும் ஏன் பொருந்தாது என்பது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.